ஞாயிறு லீவு முதல் ஆத்துமா வரை: கிரேக்கமும் எபிரேயமும் மேற்கில் கலந்த விதம்

மேற்கத்தியப் பண்பாடு பற்றிப் பேச்சு வந்தாலே ஒரு வாக்கியம் வந்து விழும்: “கிரேக்கர்கள் அறிவைக் கொடுத்தார்கள், யூதர்கள் நம்பிக்கையைக் கொடுத்தார்கள், ரெண்டும் சேர்ந்ததுதான் மேற்கு.” சுருக்கமாகவும் நினைவில் வைக்க வசதியாகவும் இருப்பதால் இது எங்கும் பரவிவிட்டது. ஆனால் இதை அப்படியே பிடித்துக்கொண்டால் கிரேக்கர்கள் எதையெல்லாம் நம்பினார்கள் என்பதும், எபிரேயர்கள் எப்படியெல்லாம் வாதாடினார்கள் என்பதும் கண்ணில் படாமலே போய்விடும். அதைவிட முக்கியமாக, இந்த இரண்டும் எங்கே, எந்த வழியாகக் கலந்தன என்ற கேள்வியே எழாது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் கலப்பு பெரும்பாலும் மொழிபெயர்ப்பில் நடந்தது. ஒரு மொழியின் சொல் இருந்த இடத்தில் இன்னொரு மொழியின் சொல்லை வைத்தால், உள்ளே வருகிற சொல் தன் பழைய வீட்டுச் சாமானையும் தூக்கிக்கொண்டுதான் வரும்.

## முதலில் சுவரில் தொங்கும் காலண்டர்

வீட்டில் இருக்கிற உதாரணத்திலிருந்தே தொடங்கலாம். ஞாயிற்றுக்கிழமை ஏன் லீவு?

ஏழு நாளில் ஒரு நாள் வேலையை நிறுத்த வேண்டும் என்பது எபிரேய வழக்கம். அந்த ஓய்வுநாளுக்கு சப்பாத் என்று பெயர். பத்துக் கட்டளைகளில் அது ஒன்று, யார் யாருக்கெல்லாம் ஓய்வு என்ற பட்டியலும் அங்கேயே இருக்கிறது: நீ, உன் மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, உன் கால்நடை, உன் ஊரில் வந்து தங்கியிருக்கும் அந்நியன். மாட்டுக்கும் லீவு என்று எழுதி வைத்த சட்டம் அது! ரோமானியர்களுக்கு இது விநோதமாகப் பட்டது. யூதர்கள் வாழ்நாளில் ஏழில் ஒரு பங்கை வீணடிக்கிறார்கள் என்று செனெக்கா என்ற ரோமானிய அறிஞர் குறைபட்டதை, பின்னால் வந்த கிறிஸ்தவ இறையியலாளர் அகஸ்டின் பதிந்து வைத்திருக்கிறார்.

எபிரேய வாரத்தில் சப்பாத்தைத் தவிர மற்ற நாட்களுக்குப் பெயர் கிடையாது. முதல் நாள், இரண்டாம் நாள் என்று எண்தான். இன்றும் எபிரேய மொழியில் ஞாயிறு என்றால் ‘முதல் நாள்’.

அப்படியானால் சூரியன், சந்திரன், செவ்வாய் என்ற பெயர்கள் எப்படி வந்தன? கிரேக்கம் பேசிய எகிப்தில் வளர்ந்த சோதிடம் ஏழு கோள்களை, மெதுவாக நகர்வதில் தொடங்கி வேகமாக நகர்வது வரை இப்படி அடுக்கியது: சனி, வியாழன், செவ்வாய், சூரியன், வெள்ளி, புதன், சந்திரன். ஒரு நாளுக்கு 24 மணி நேரம், ஒவ்வொரு மணிக்கும் ஒரு கோள் அதிபதி. நாளின் முதல் மணி எந்தக் கோளுடையதோ அதுவே அந்த நாளின் பெயர். சூரியனில் தொடங்கினால் 24 மணியில் ஏழு கோள்களும் மூன்று சுற்று முடித்து, மேலும் மூன்று மணி மீதி நிற்கும். அந்த மூன்றும் சூரியன், வெள்ளி, புதனுக்குப் போய்விடும். 25ஆவது மணி, அதாவது மறுநாளின் முதல் மணி, சந்திரனுடையது. அதனால்தான் ஞாயிற்றுக்கு அடுத்தது திங்கள். திங்களிலிருந்து இதே கணக்கைப் போட்டால் செவ்வாய் வரும், போட்டுப் பாருங்கள்.

இது நமக்கு அந்நியமான கணக்கே இல்லை. பஞ்சாங்கத்தில் இருக்கும் ஓரை அட்டவணை இதேதான். ‘ஓரை’ என்ற சோதிடச் சொல்லும் ‘ஹோரா’ என்ற கிரேக்கச் சொல்லின் வழியில் வந்தது. சோதிடர் சொல்லும் ‘கேந்திரம்’ கிரேக்கத்தின் ‘கென்ட்ரோன்’.

ரோமப் பேரரசில் இந்த இரண்டு வாரங்களும் ஒன்றாயின. இயேசு உயிர்த்தெழுந்த நாள் என்று கிறிஸ்தவர்கள் ஏற்கனவே முதல் நாளில் கூடிவந்தார்கள். கி.பி. 321இல் பேரரசர் கான்ஸ்டன்டைன், சூரியனின் நாளில் நீதிபதிகளும் நகரத்தாரும் ஓய்ந்திருக்க வேண்டும் என்று சட்டம் போட்டார், விவசாயிகளுக்கு மட்டும் விலக்கு.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: ஓய்வு என்ற எண்ணம் எபிரேயம், பெயரும் கணக்கும் கிரேக்கம், நடைமுறைப்படுத்திய சட்டம் ரோம். ஒரே ஒரு லீவு நாளுக்குள் மூன்று கைகள். இந்த உதாரணத்தில் கலப்பு வெளிப்படையாகத் தெரிகிறது. சிந்தனையில் நடந்த கலப்பு இவ்வளவு சுலபமாகக் கண்ணுக்குத் தெரியாது.

## யாரை எபிரேயர், கிரேக்கர் என்கிறோம்

எபிரேயச் சிந்தனை என்றால், யூதர்களின் முன்னோரான பண்டைய இஸ்ரவேலர் தங்கள் எபிரேய மொழியில் எழுதிவைத்த வேதத்தில் இருக்கும் உலகப்பார்வை. கிறிஸ்தவர்கள் பழைய ஏற்பாடு என்று சொல்வது இதைத்தான். ஒரே ஆள் எழுதியதில்லை, பல நூற்றாண்டுகளாகச் சேர்ந்தது. கிரேக்கச் சிந்தனை என்று இந்தப் பேச்சில் பெரும்பாலும் சொல்லப்படுவது கி.மு. 5, 4ஆம் நூற்றாண்டு ஏதென்ஸின் சாக்ரடீஸ், பிளேட்டோ, அரிஸ்டாட்டில் மரபு. அலெக்சாந்தரின் படையெடுப்புக்குப் பிறகு கிரேக்க மொழி எகிப்து, சிரியா, பாலஸ்தீனம் எல்லாம் பரவியது. அந்தப் பரவலுக்கு ஹெலனிசம் என்று பெயர்.

## ‘அறிவு – நம்பிக்கை’ எங்கே உடைகிறது

எபிரேய வேதத்தின் முதல் நூலான ஆதியாகமம், 18ஆம் அதிகாரம். சோதோம் நகரத்தை அழிக்கப்போகிறேன் என்கிறார் கடவுள். இஸ்ரவேலரின் மூதாதையான ஆபிரகாம் தலையாட்டவில்லை. ஊரில் 50 நல்லவர்கள் இருந்தால் அவர்களையும் சேர்த்தா அழிப்பீர் என்று கேட்கிறார். சரி, 50 பேர் இருந்தால் விட்டுவிடுகிறேன் என்று பதில் வருகிறது. ஐந்து குறைந்து 45 ஆனால்? அப்புறம் 40, 30, 20, கடைசியில் 10 வரை பேரம் இறங்குகிறது. நடுவில் ஆபிரகாம் சொல்வது: “சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்யாதிருப்பாரோ.” கடவுளையே நீதியின் பெயரால் மடக்குகிற இந்தப் பேச்சை வெறும் நம்பிக்கை என்று எப்படிச் சொல்வது?

இந்தப் பக்கம் சாக்ரடீஸைப் பாருங்கள். அவர் கதையே டெல்பி கோயிலின் அருள்வாக்கில்தான் தொடங்குகிறது. சாக்ரடீஸைவிட அறிவுள்ளவர் யாரும் இல்லை என்று அங்கே சொல்லப்பட, அதைச் சோதித்துப் பார்க்கத்தான் ஊராரிடம் கேள்வி கேட்டுத் திரிந்ததாக அவரே நீதிமன்றத்தில் சொல்கிறார். தவறான காரியத்தில் இறங்கும்போதெல்லாம் ஒரு தெய்வக் குரல் தன்னைத் தடுக்கும் என்றும் சொல்கிறார். கி.மு. 399இல் நஞ்சு குடித்துவிட்டுப் படுத்தபின் அவர் கடைசியாகச் சொன்னதாக பிளேட்டோ எழுதியிருப்பது, வைத்தியத் தெய்வம் அஸ்கிலேப்பியஸுக்கு ஒரு சேவல் கடன் இருக்கிறது, மறக்காமல் கொடுத்துவிடுங்கள் என்பதுதான்.

அப்போது வித்தியாசமே இல்லையா என்றால், இருக்கிறது. கேட்கிற கேள்வியில் இருக்கிறது. பிளேட்டோவின் உரையாடல்களில் சாக்ரடீஸ் திரும்பத் திரும்பக் கேட்பது “அது என்ன?” என்று. தைரியம் என்றால் என்ன, பக்தி என்றால் என்ன? உதாரணம் சொன்னால் ஒத்துக்கொள்ளமாட்டார், எல்லா உதாரணத்துக்கும் பொதுவாக இருப்பதைச் சொல் என்பார். எபிரேய வேதத்தில் கடவுள் மனிதனிடம் கேட்கும் முதல் கேள்வி “எங்கே இருக்கிறாய்?” அடுத்த தலைமுறையில், தம்பியைக் கொன்ற காயீனிடம், “உன் சகோதரன் ஆபேல் எங்கே?” முன்னது ஒன்றன் இயல்பைத் தேடுகிறது, பின்னது பதில் சொல்லவேண்டிய ஆளைத் தேடுகிறது.

தாவீது ராஜாவிடம் நாத்தான் தீர்க்கதரிசி போன காட்சி இதற்கு நல்ல சாட்சி. ராஜா தன் படைவீரன் உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு, அவனைப் போரில் சாக விட்டிருக்கிறார். நாத்தான் நீதி என்றால் என்ன என்று விளக்கப் போகவில்லை. ஆடு மாடு நிறைய வைத்திருந்த ஒருவன், ஓர் ஏழை தன் மகளைப்போல் வளர்த்த ஒரே ஆட்டுக்குட்டியைப் பிடுங்கி விருந்தாளிக்குச் சமைத்துப் போட்டான் என்று கதை சொல்கிறார். கேட்ட ராஜாவுக்குக் கோபம் வந்து, அவன் சாகவேண்டியவன் என்கிறார். “நீயே அந்த மனுஷன்” என்கிறார் நாத்தான்.

இவை போக்குகள்தான். கிரேக்க நாடகங்களில் பொறுப்பைப் பற்றிய கேள்வி கொதிக்கிறது, எபிரேயத்தின் பிரசங்கி நூல் வாழ்க்கையின் இயல்பைத்தான் அலசுகிறது. ஆனாலும் கேள்வியை வைத்துப் பிரிப்பது, அறிவு – நம்பிக்கை என்று பிரிப்பதைவிட எவ்வளவோ மேல்.

## அலெக்சாந்திரியாவில் நடந்தது

இனி கலந்த இடத்துக்கு வருவோம். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் எகிப்தின் அலெக்சாந்திரியா நகரத்தில் ஏராளமான யூதர்கள் இருந்தார்கள். தலைமுறைகள் கடந்தபோது வீட்டிலும் கடையிலும் கிரேக்கமே பேச்சுமொழி ஆகிவிட்டது, வேதம் மட்டும் எபிரேயத்தில். அங்கேதான் முதல் ஐந்து நூல்கள் கிரேக்கத்துக்கு மாற்றப்பட்டன, மற்றவை அடுத்தடுத்து வந்தன. 72 பேர் உட்கார்ந்து மொழிபெயர்த்ததாக மரபுக் கதை சொல்கிறது. அந்த எண்ணைச் சுருக்கி இதற்கு செப்டுவஜின்ட் என்று பெயர், லத்தீனில் எழுபது என்று பொருள்.

முதல் கிறிஸ்தவர்கள் பெரும்பாலும் படித்த வேதம் இந்தக் கிரேக்க நூல்தான். ‘கிறிஸ்து’ என்பதே, எண்ணெய் பூசி அபிஷேகம் செய்யப்பட்டவர் என்று பொருள்படும் ‘மெசியா’வுக்குக் கிரேக்கத்தில் வைத்த சொல். ‘பைபிள்’ கிரேக்கம். யூதர் கூடும் ‘சினகாக்’ கூடக் கிரேக்கம். ‘ஆமென்’, ‘அல்லேலூயா’ போன்ற சில சொற்கள் மட்டும் மொழிபெயர்க்கப்படாமல் எபிரேயமாகவே தப்பி வந்துவிட்டன.

## மூச்சு ஆன்மாவான விதம்

ஒரு சொல்லைக் கிட்டத்தில் பார்ப்போம். எபிரேயத்தில் ‘நெஃபெஷ்’. வேதத்தில் எழுநூறு தடவைக்கு மேல் வருகிறது. அதன் அடிப்பொருள் தொண்டை. அங்கிருந்து மூச்சு, பசி, ஆசை, உயிர், ஆள் என்று விரிகிறது. ஏசாயா நூலில் பாதாளம் தன் நெஃபெஷைத் திறக்கிறது, அதாவது வாயைப் பிளக்கிறது. சில இடங்களில் பிணத்துக்கே நெஃபெஷ் என்று வருகிறது. உடம்பை விட்டுப் பறந்துபோகிற ஏதோ ஒன்றாக இதை நினைத்தால் அந்த வரிகளைப் படிக்கவே முடியாது.

ஆதியாகமத்தில் கடவுள் மண்ணால் மனிதனை உருவாக்கி, மூக்கில் மூச்சை ஊதுகிறார். பிறகு, தமிழ் வேதாகமத்தின் சொல்லில், “மனுஷன் ஜீவாத்துமாவானான்.” ஆனான் என்றுதான் இருக்கிறது. ஆத்துமாவைப் பெற்றான் என்று இல்லை. மண்ணும் மூச்சும் சேர்ந்த மொத்த ஆளே நெஃபெஷ். இன்னொன்று, இதே எபிரேயச் சொல்தொடர் முந்திய அதிகாரத்தில் மீன்களுக்கும் மிருகங்களுக்கும் வருகிறது. அங்கே நம் பழைய மொழிபெயர்ப்பு ‘ஜீவஜந்துக்கள்’ என்கிறது, மனிதனுக்கு வந்ததும் ‘ஜீவாத்துமா’ ஆகிவிடுகிறது. பழைய ஆங்கில மொழிபெயர்ப்பும் இப்படித்தான் பிரித்தது. மூலத்தில் அந்தப் பிரிவு இல்லை.

அலெக்சாந்திரிய மொழிபெயர்ப்பாளர்கள் நெஃபெஷுக்கு வைத்த சொல் ‘சைக்கி’. தப்பான தேர்வு என்று சொல்லமாட்டேன், பழைய கிரேக்கத்தில் அதற்கும் மூச்சு, உயிர் என்ற பொருள்கள் உண்டு. ஆனால் அதற்கு முன்பே பிளேட்டோ அந்தச் சொல்லின்மேல் கைவைத்திருந்தார். சாக்ரடீஸின் கடைசி நாளைப் பற்றிய உரையாடலில் சைக்கி உடம்புக்குள் அடைபட்ட கைதி. சாவு அதற்கு விடுதலை. அது அழியாதது, உடம்போடு ஒட்டாதது. அரிஸ்டாட்டில் இதை அப்படியே ஏற்கவில்லை என்றாலும், பின்னால் ஜெயித்தது பிளேட்டோவின் படம்தான்.

இப்போது ஒரு கிரேக்க வாசகர் வேதத்தைத் திறந்து ‘சைக்கி’ என்று படிக்கிறார். அவர் மனதில் வருவது தொண்டையும் பசியுமா, உடம்பிலிருந்து விடுபடும் அழியாப் பொருளா? யாரும் சதி செய்யவில்லை, யாரும் கொள்கையை மாற்ற உட்காரவில்லை. ஒரு சொல் மாறியது, அவ்வளவுதான்.

## ஏதென்ஸில் சிரித்தவர்கள்

இரண்டு படங்களும் நேருக்கு நேர் மோதிய காட்சி புதிய ஏற்பாட்டில், அப்போஸ்தலர் நடபடிகள் 17ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. இயேசுவின் செய்தியை ஊர் ஊராகக் கொண்டுபோன பவுல் ஏதென்ஸில் மார்ஸ் மேடையில் நின்று கிரேக்கத்தில் பேசுகிறார், கிரேக்கப் புலவரின் வரியையே மேற்கோள் காட்டுகிறார். கூட்டம் கேட்டுக்கொண்டிருக்கிறது. செத்தவர் உயிரோடு எழுந்தார் என்றதும் சிலர் கேலி செய்கிறார்கள், சிலர் இன்னொரு நாள் கேட்கிறோம் என்று நகர்கிறார்கள். ஆன்மா அழியாதது என்று மட்டும் அவர் பேசியிருந்தால் பிளேட்டோவைப் படித்தவர்களுக்கு அது புதிதாக இருந்திருக்காது. உடம்பு எழும் என்றதுதான் இடித்தது. உடம்பு இல்லாத மனிதனை எபிரேய மனம் ஒரு முழு மனிதனாக நினைத்ததில்லை, அதனால் நம்பிக்கையும் உடம்போடு எழுவதாகத்தான் இருந்தது.

பிறகு மேற்கு என்ன செய்தது? இரண்டையும் வைத்துக்கொண்டது. கி.பி. 386 வாக்கில் மிலான் நகரத்தில் பிளேட்டோ மரபு நூல்களை லத்தீனில் படித்த அகஸ்டின் போன்றவர்கள் மூலமாக அழியாத ஆன்மா கிறிஸ்தவத்தின் மையத்துக்கு வந்தது. உடல் உயிர்த்தெழுதலும் விசுவாச அறிக்கையில் அப்படியே நின்றது. செத்தவுடன் ஆன்மா போய்விடும், கடைசி நாளில் உடம்பும் எழும் என்று தேவாலயத்தில் கேட்கும்போது இரண்டு தனித்தனி மரபுகள் ஒரே வாக்கியத்தில் உட்கார்ந்திருக்கின்றன. 1641இல் பிரெஞ்சுத் தத்துவஞானி டெகார்ட் மனமும் உடம்பும் இரண்டு வேறு பொருள்கள் என்று வாதிட்டபோதும் இந்த நீண்ட பழக்கம் அவருக்குப் பின்னால் இருந்தது.

சுருக்கினால், நெஃபெஷ் என்பது மூச்சுவிடும் முழு ஆள், பிளேட்டோவின் சைக்கி உடம்பைவிட்டுத் தனித்து நிற்பது. மொழிபெயர்ப்பில் முதலாவது இரண்டாவதின் சட்டையைப் போட்டுக்கொண்டது.

## ‘தோரா’வுக்கு நேர்ந்தது

இது எனக்கு மனவருத்தம் தருகிற பகுதி. வேதத்தின் முதல் ஐந்து நூல்களை யூதர்கள் ‘தோரா’ என்கிறார்கள். அந்தச் சொல்லுக்குப் பொருள் வழிகாட்டுதல், போதனை. ஆசிரியரைக் குறிக்கும் எபிரேயச் சொல்லும் இதே வேரில் பிறந்ததுதான். கிரேக்கத்தில் அது ‘நோமோஸ்’ ஆனது, சட்டம். தமிழில் ‘நியாயப்பிரமாணம்’. தோராவில் சட்டங்கள் உண்டுதான். ஆனால் கதை, பாட்டு, வம்சவரலாறு எல்லாம் சேர்ந்த ஒன்றைச் சட்டம் என்ற ஒரே சொல்லில் அடைத்ததால், யூதர்கள் என்றால் சட்டத்தின் எழுத்தைப் பிடித்துத் தொங்குபவர்கள் என்ற படம் மேற்கில் ஊறுவதற்கு வழி கிடைத்தது. அந்தப் படத்தின் விலையை அவர்கள் பல நூற்றாண்டுகள் கொடுத்தார்கள். ஆண்டுதோறும் தோரா வாசிப்பை முடிக்கும் நாளில் சுருளைக் கையில் ஏந்தி ஆடிப்பாடுகிற சமூகம் அது. சட்டப் புத்தகத்தை வைத்துக்கொண்டு யார் ஆடுவார்கள்?

## நேர்கோடு கிடையாது

ஏதென்ஸிலிருந்து நேராக ஐரோப்பாவுக்கு ஒரு கோடு போடுவதும் பொதுவான பிழை. ரோமின் மேற்குப் பகுதி விழுந்தபின் அரிஸ்டாட்டிலின் பெரும்பகுதி மேற்கு ஐரோப்பாவில் படிக்கக் கிடைக்கவில்லை. பாக்தாதில் ஹுனைன் இப்னு இஷாக் போன்ற, சிரியாக் மொழி மரபைச் சேர்ந்த கிறிஸ்தவர்கள் கிரேக்க நூல்களை அரபிக்குக் கொண்டுவந்தார்கள். 12ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் கோர்தோபாவில் பிறந்த இரண்டு பேர், முஸ்லிமான இப்னு ருஷ்தும் யூதரான மைமோனிடீஸும், அரிஸ்டாட்டிலைத் தங்கள் வேதத்தோடு பொருத்திப் பார்த்தார்கள். மைமோனிடீஸ் தன் தத்துவ நூலை எழுதியது அரபியில், ஆனால் எபிரேய எழுத்தில். 13ஆம் நூற்றாண்டில் கத்தோலிக்க இறையியலைக் கட்டிய தாமஸ் அக்குவினாஸ் அவரை ‘ரபி மோசே’ என்று பெயர் சொல்லி மேற்கோள் காட்டுகிறார். கிரேக்கர் எழுதியதை, அரபியில் படித்த யூதர் விளக்க, லத்தீனில் கிறிஸ்தவர் எடுத்துக்கொண்டார். இந்தப் பாதையில் அரபு உலகத்தை விட்டுவிட்டால் கதையே நடக்காது.

## தூண்களும் தீர்க்கதரிசியும்

அரசியலில் என்ன ஆனது? ஜனநாயகம் கிரேக்கச் சொல், ஏதென்ஸின் நடைமுறை. பெண்களும் அடிமைகளும் வெளியூரில் இருந்து வந்தவர்களும் அதில் சேர்த்தி இல்லை. அரிஸ்டாட்டில் சிலர் இயல்பிலேயே அடிமைகள் என்று எழுதியதை, பிற்காலத்தில் அடிமை முறைக்கு வக்காலத்து வாங்கியவர்கள் எடுத்துக்கொண்டார்கள். எபிரேய வேதத்திலும் அடிமை முறை உண்டு, மறைக்கவேண்டியதில்லை. ஆனால் அடிமைகள் கூட்டம் எகிப்திலிருந்து வெளியேறுவதுதான் அதன் நடுக்கதை.

1776இல் அமெரிக்காவில் மன்னராட்சியே வேண்டாம் என்று துண்டுப்பிரசுரம் எழுதிய தாமஸ் பெய்ன் ஏதென்ஸைவிட அதிகமாகச் சாய்ந்தது சாமுவேல் தீர்க்கதரிசியின்மேல். ராஜா வந்தால் உங்கள் பிள்ளைகளைப் பிடித்துக்கொள்வான், வயலை எடுத்துக்கொள்வான், விளைச்சலில் பத்தில் ஒன்று கேட்பான் என்று ஜனங்களை எச்சரித்த அந்தப் பகுதியை நீளமாக எடுத்துப் போட்டார்.

1963 ஆகஸ்ட் 28 அன்று மார்ட்டின் லூதர் கிங் வாஷிங்டனில் லிங்கன் நினைவகத்தின் படிகளில் நின்று பேசினார். அந்தக் கட்டடம் கிரேக்கக் கோயிலின் அமைப்பில் கட்டப்பட்டது, சுற்றிலும் 36 டோரிக் தூண்கள். அங்கே அவர் சொன்ன வரி ஆமோஸ் தீர்க்கதரிசியுடையது. தமிழ் வேதாகமத்தில் அது இப்படி இருக்கிறது: “நியாயம் தண்ணீரைப்போலவும், நீதி வற்றாத நதியைப்போலவும் புரண்டுவரக்கடவது.”

## நம் கையில் இருக்கும் ஒரு சங்கீதம்

தமிழிலும் இதே பயணம் தொடர்ந்தது. நெஃபெஷ் கிரேக்கத்தில் சைக்கியாகி, தமிழில் ‘ஆத்துமா’வானபோது மூன்றாவது வீட்டுச் சாமானும் சேர்ந்தது. அந்தச் சொல்லுக்குப் பின்னால் உபநிடதங்கள் முதல் வேதாந்தம் வரை ஒரு பெரிய விவாதமே இருக்கிறது. அதை அறிந்த வாசகர் காதில் அதுவும் சேர்ந்துதான் ஒலிக்கும்.

வீட்டில் பழைய தமிழ் வேதாகமம் இருந்தால் 69ஆம் சங்கீதத்தின் முதல் வசனத்தைப் பாருங்கள். “வெள்ளங்கள் என் ஆத்துமாமட்டும் பெருகிவருகிறது” என்று இருக்கும். வெள்ளம் எப்படி ஆத்துமா அளவுக்கு உயரும்? எபிரேயத்தில் இருப்பது நெஃபெஷ், அதன் பழைய பொருளில், தொண்டை. தண்ணீரில் நின்று மூழ்கப்போகிற ஒருவன் கூப்பிடுகிறான். பின்னால் வந்த மொழிபெயர்ப்புகள் பலவற்றில் அந்த இடத்தில் ‘கழுத்து’ என்று வந்துவிட்டது.